கானாங்கோழிக்கு மூன்று அடையாளம்

பச்சை அலகு, செம்பழுப்புத் தலை, வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. துளசிமணியின் உதடு அசையவில்லை. நாக்குதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, பரீட்சைக்கு மணி அடிக்கும் முன் வராந்தாவில் நிற்கிற பிள்ளைக்கு ஓடுகிற மாதிரி. மழை இப்போதுதான் விட்டிருந்தது. சிடியா டாப்புக்குப் போகிற காட்டுச் சாலையில் இலைகள் இன்னும் தங்கள் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தன. எதிரே, சாலைக்கும் காட்டுக்கும் நடுவே, பெரணிச் செடி மண்டிய வாய்க்கால். அதன் நடுவில் பாசி பிடித்த ஒரு கல். இடது கைப்பக்கம் மரங்கள் கொஞ்சம் விலகி, அங்கே கடல், ஈரச் சிலேட்டு நிறத்தில். வலது தோளருகே நாச்சிமுத்து, கல்யாணமாகி மூன்று மாமாங்கமாக அவளுடைய வீட்டுக்காரர், அதில் கடைசி ஒரு மாமாங்கமாகப் பறவை பார்க்கிற கூட்டாளி. கோயமுத்தூரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து போர்ட் பிளேர், எல்லாம் ஒரு கோழிக்காக. கோழி என்றால் கோழியா? அந்தமான் கானாங்கோழி. இந்தத் தீவுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இங்கேயும் லேசில் முகம் காட்டாது. ஆட்டோக்காரர் சேவியருக்கு அது புரியவே இல்லை. "கோழிக்கா ஆன்ட்டி ஃப்ளைட் புடிச்சு வந்தீங்க? நம்ம வீட்டுக்கு வாங்க, முற்றம் பூரா மேயுது," என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். இப்போது வளைவுக்கு அப்பால் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போனில் ஏதோ படம் பார்க்கிறார். சத்தம் வைக்காமல் பாருங்கள் என்று நாச்சிமுத்து கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். சிரிக்கட்டும். துளசிமணிக்கே சிரிப்பு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காலில் அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டு, ஒரு கோழிக்காக நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது. பெண் பார்க்க நாச்சிமுத்து வந்த அன்றுகூட இப்படி அடித்ததாக ஞாபகம் இல்லை. அன்றைக்கு அவள் பயப்பட்டதெல்லாம் பஜ்ஜி வெந்திருக்குமா என்பதற்குத்தான்.

பச்சை அலகு. அதுதான் முதல். ஏனென்றால் சாம்பல் மார்புக் கோழி என்று இன்னொன்று இதே வாய்க்காலில் திரியும், அதற்கும் தலை செம்பழுப்பு, அதற்கும் வயிற்றில் பட்டை, அவசரக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். அதற்கு அலகு சிவப்பு. அவசரக்காரர்களில் முதல் ஆள் நாச்சிமுத்துதான். ஆரம்பத்தில் சிங்காநல்லூர் குளத்தில் மனிதர் பார்த்ததெல்லாம் கழுகு. பருந்து கழுகு, காக்கா கழுகு. ஒரு நாள் காலையில் "துளசி, நாரை, நாரை, அசையாதே" என்று அவளை அரை மணி நேரம் சேற்றில் நிற்க வைத்தார். காற்று கொஞ்சம் வலுத்ததும் நாரை உப்பி எழுந்து, யாரோ துணிக்கடைக்காரரின் பெயரைக் காட்டிக்கொண்டு கரையேறியது. பாலித்தீன் பை. அன்றைக்குத்தான் அவள் சட்டம் போட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆயுள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்தவள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, இருக்கும் என்று நினைத்ததை எழுதாதே என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. சட்டம் இதுதான்: பார்த்தேன் என்று சொல்கிற ஆள் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். புத்தகத்தைத் திறக்கும் முன்னே சொல்ல வேண்டும். அதோடு, இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு. ஒருவர் மட்டும் பார்த்தது காற்றோடு போச்சு. இரண்டும் நிறைவேறினால் புதுப் பறவைக்கு ஒரு தேங்காய் பன், ஆளுக்குப் பாதி. இந்தக் கோழிக்கென்றே காந்திபுரத்துப் பேக்கரியில் வாங்கிய பன் நாச்சிமுத்துவின் பையில் விமானம் ஏறி வந்து, இந்த ஈரத்தில் என்ன கதியானதோ தெரியவில்லை. இங்கே பார்த்த மற்ற புதுப் பறவைகளுக்கெல்லாம் பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டார்கள். பன்னைத் தொடக்கூடாது என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். சட்டம் போட்டவள் அவள், அதைக் கோயில் மாதிரிக் காப்பாற்றுகிறவர் அவர். இன்றைக்கு அவள் போட்ட சட்டமே அவள் கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால் நடு போய்விட்டது. கண்ணுக்கு நடு என்று ஒன்று இருப்பதே அது போகும்வரை அவளுக்குத் தெரியாது. பொங்கலுக்கு முன் ஒரு நாள் பாத்ரூம் சுவரில் டைல்ஸ் கோடு வளைந்திருந்தது. வேலையைப் பாரு, கோணலாக ஒட்டியிருக்கிறான் என்று கொத்தனாரைத் திட்டினாள். பிறகு வாசல் கம்பி வளைந்தது, மின்கம்பம் வளைந்தது, ஊரில் எத்தனை கொத்தனாரைத்தான் திட்டுவது? கண் டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டினார். "நடுப்புள்ளியப் பாருங்கம்மா." எந்தப் புள்ளி? புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், ஈரக் கையால் மையைத் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு மங்கல். வலது கண்ணில் நடு முழுக்க, இடது கண்ணில் பாதி. அவர் பொறுமையாகச் சொன்னார், இது விழித்திரையின் மையம் தேய்கிற சமாச்சாரம், மருந்து பெரிதாக ஒன்றுமில்லை, ஓரப்பார்வை அப்படியே இருக்கும், நடமாட்டத்துக்குக் குறைவில்லை, பஸ் நம்பர் படிக்க, முகம் பார்க்கத்தான் சிரமமாக இருக்கும். பறவை, டாக்டர்? என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கண்ணாடி பவர் மாறியிருக்காம் என்று நாச்சிமுத்துவிடம் சொன்னாள், அதோடு சரி. ஏன் சொல்லவில்லை என்று அவளை அவளே எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அவர் கோபக்காரராக இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பாள். நல்லவர், அதுதான் வம்பு. பறவை பார்க்கக் கூட வந்துகொண்டிருந்த சுப்பராயனுக்கு இடுப்பு போனபோது என்ன செய்தார்? "பாவம், அவரை எதுக்கு அலைக்கழிக்கோணும்," என்று அவ்வளவு அன்போடு சொல்லி, அவ்வளவு அன்போடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவளையும் அப்படித்தான் செய்வார். நிறுத்தவில்லை என்றால் இன்னும் மோசம்: பக்கத்தில் உட்கார வைத்து அவர் பார்த்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லுவார். இதோ தலை, இதோ வால், நீ பார்த்த மாதிரியே நினைச்சுக்கோ. நினைத்துக்கொள்வதா? வேறொருவர் கண்ணால் பார்ப்பதை விட வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு கிடக்கலாம். 

ஆனால் ஒரு திருட்டு வழி கைவசம் இருந்தது. அதை நினைத்ததும் துளசிமணிக்கு மறுபடி உற்சாகம் வந்தது. நேராகப் பார்த்தால் மறைகிறது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது, அவ்வளவுதானே. பைனாகுலரைப் பறவைக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் பிடித்துவிட்டு, பார்வையையும் பக்கத்திலேயே நிறுத்திவிட்டால், பறவை ஓரத்தில் வந்து தானாக உட்காரும். உற்றுப் பார்க்கிற ஆசையை மட்டும் அடக்க வேண்டும்; ஆசைப்பட்டுத் திரும்பினால் ஆள் காணாமல் போய்விடும். சூலூர் குளத்தில் மாதக்கணக்கில் பழகினாள். நேற்று முன்தினம் கரிய மரங்கொத்தியை அப்படித்தான் பிடித்தாள், உச்சிக் கொண்டை உட்படச் சுளையாக மூன்று அடையாளம் சொன்னாள், நாச்சிமுத்து தொடையைத் தட்டி ஒப்புக்கொண்டார். கண்ணுக்கு முன் இரண்டு குழல் இருக்கிறவரை உள்ளே கண் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? பொய் ஒன்றும் இல்லையே. பார்த்ததைத்தான் சொல்கிறாள். பார்க்கிற விதத்தைத்தான் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இப்படியே ஓட்டிவிடலாம், ஓட்டி... அப்போது வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. க்ரூப். தவளையா? மழை விட்ட நேரம், ஊரிலுள்ள தவளையெல்லாம் வாய் திறந்திருக்கிறது. க்ரூப், க்ரூப். இல்லை, தவளை இழுக்கும், இது இழுக்கவில்லை, துண்டு துண்டாக வெட்டுகிறது. போனில் இந்தக் குரலை அவள் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்டுக் கேட்டு, போன மாதம் ஓசூரிலிருந்து வந்த மகள் "அம்மா, மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டாள். அதே மிக்ஸிதான்.  முழங்கை ரோமம் எழுந்தது. நாச்சிமுத்துவின் மூச்சு நின்றது அவளுக்குக் கேட்டது, அவர் அவள் தோளைத் தொடாமல் தொட்டார், கல்யாண வீட்டில் மேளம் கொட்டு கொட்டு என்று விரலை ஆட்டுவார்களே, அப்படி ஒரு விரல் காற்றில். அவள் பைனாகுலரைத் தூக்கினாள். வெள்ளை. எங்கும் வெள்ளை, சோற்றுக் கஞ்சிக்குள் கண்ணை வைத்த மாதிரி. மழைக்குள் பையில் பொத்தி வைத்திருந்த லென்ஸ் வெளியே வந்ததும் வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்தாள், முந்தானையும் ஈரம். மறுபடி தூக்கினாள், மறுபடி கஞ்சி. இறக்கிவிட்டாள்.

"வந்துருச்சு," என்றார் நாச்சிமுத்து, உதட்டுக்கு வெளியே வராத குரலில். "பைனாகுலரே வேண்டாம் புள்ள. பக்கத்துலதான். கல்லுக்கு அக்கட்டால, பெரணிக்குக் கீழ." அவள் கல்லைப் பார்த்தாள். கல் இல்லை. கல் இருந்த இடத்தில் மை தேய்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பெரணியின் விளிம்பெல்லாம் தெளிவாக, ஒவ்வொரு பல்லும் எண்ணுகிற மாதிரி, நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. விளிம்பில் ஒரு இலை ஆடி நின்றது. அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு கடல் தாண்டி அவள் வந்திருக்க, அது பத்தடி தூரத்தில், அவளுடைய ஓட்டைக்குள் சரியாக வந்து நின்றிருக்கிறது. "தெரியுதா?" என்றார். இருங்க என்று கையைக் காட்டினாள். கடல் பக்கம் முகத்தைத் திருப்பினால் தெரியும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். முகத்தை இடது பக்கம், கடலை நோக்கி, வேடிக்கை பார்க்கிறவள் மாதிரித் திருப்பிக்கொண்டால் கோழி ஓரத்தில் வந்து நிற்கும். ஆனால் இப்போது குழல் இல்லை, வெறும் முகம், பக்கத்தில் அவர். கோழிக்காக அந்தமான் வரை வந்தவள் கோழி வந்ததும் கடலைப் பார்க்கிறாள் என்றால் பாலித்தீன் பையை நாரை என்று சொன்ன மனிதருக்குக்கூடப் புரிந்துவிடும். "தெரியுதா துளசி?" அவர் குரலில் சந்தோஷம் கெஞ்சியது. தெரியுதுங்க என்று சொன்னால் என்ன? மூன்றும் நுனி நாக்கில் இருக்கிறது. பச்சை அலகு, செம்பழுப்புத் தலை, பட்டை. கேட்டதும் சொன்னால் போதும், அவர் நம்புவார், அவள் சொன்னால் எதையும் நம்புவார். பன் உடையும். திரும்பிப் போகிற வழியெல்லாம் சேவியரிடம் பெருமை பீற்றுவார். யாருக்கு என்ன நஷ்டம்? கோழிக்குத் தெரியவா போகிறது? அவள் வாயைத் திறந்தாள். பரிசோதனைக் கூடத்தில் சாயங்கால வேளையில், கண் எரிகிற நேரத்தில், முந்தின ஆளின் ரத்த எண்ணிக்கையையே இந்த ஆளுக்கும் எழுதிவிட்டால் என்ன என்று ஒரு நாளாவது தோன்றாமல் இருந்திருக்குமா? தோன்றியிருக்கிறது. எழுதியதில்லை. இப்போது எழுதினால், இனி அவள் எந்தப் பறவையைப் பார்த்தாலும் அது இந்தக் கோழியின் பொய்க்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். அதோடு, அட, அது அங்கே நிற்கிறதே. உண்மையாகவே நிற்கிறதே. இன்னொரு எட்டு வைத்தால் பெரணிக்குள் போய்விடுமே. போனால் போச்சே. அவரிடம் மறைத்து என்னத்தைக் காப்பாற்றுகிறாள், கோழியை விட்டுவிட்டு? இந்த எண்ணம் முடியவில்லை, அதற்குள் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

கடலைப் பார்த்தாள். சிலேட்டுக் கடல், ஒரு படகு, தூரத்தில் மழை. உடனே வலது ஓரத்தில், யாரோ திரையை விலக்கின மாதிரி, அது வந்து நின்றது. நனைந்த செங்கல் நிறம், தலை கழுத்து மார்பு எல்லாம். திரும்பாதே, திரும்பாதே, படகையே பார். வயிற்றில் பட்டை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வால் அடி வரைக்கும். அது ஒரு எட்டு வைத்தது, தண்ணீரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது, அலகு வெளிச்சத்துக்கு வந்தது. பச்சை. மாவடு பச்சை. துளசிமணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. புத்தகத்துப் படத்தில் இந்தப் பச்சையைக் கெடுத்து வைத்திருந்தார்கள். இதுவா அது? எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது, தீவே தனக்கென்று எழுதி வைத்தது போல. "பச்சை அலகுங்க," என்றாள், படகைப் பார்த்துக்கொண்டே. "தலை கழுத்தெல்லாம் செங்கல். வயித்துல பட்டை, பின்னாடி வரைக்கும் ஓடுது." மூன்றும் சொல்லியாயிற்று.  வழக்கமாக இந்த இடத்தில் அவர் தம் தொடையை ஒரு தட்டுத் தட்டுவார். தட்டவில்லை. அவர் பார்வை அவள் கன்னத்தில் வந்து நிற்பது வெயில் படுகிற மாதிரித் தெரிந்தது. தெரிந்துவிட்டது அவருக்கு. இனிக் கூப்பிட மாட்டார் என்ற பயம் எழுந்தது. அதே நேரம் வலது ஓரத்தில், கோழியின் காலுக்குப் பின்னால், பெரணி இன்னொரு தடவை அசைந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று உருண்டு வந்தது. பஞ்சு, கரிப் பஞ்சு, காலே இல்லாத மாதிரி. அதன் பின்னால் இன்னொன்று. பயம் அங்கேயே நின்றுவிட்டது, அதற்கு இனி இடமில்லை.

"துளசி," என்றார் நாச்சிமுத்து. "எங்க பாக்கற கண்ணு?" "அதையத்தான் பாக்கறேன்." "கடலப் பாத்துட்டு நிக்கற." "நேராப் பாத்தா தெரியறதில்லீங்க." அவ்வளவுதான், சொல்லிவிட்டாள். இத்தனை மாதம் நெஞ்சில் வைத்திருந்தது ஒரு மூச்சுக்குள் அடங்கிவிட்டது. "நடுவுல மறைக்குது. ஓரத்துல நல்லாத் தெரியுது."  "நெம்ப நாளாவா?" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. அந்தக் குரலுக்குத்தான் அவள் பயந்தாள், அது வந்தே விட்டது, ஆனால் அவளுக்கு இப்போது அதற்கு நேரமில்லை. "அதெல்லாம் அப்பறம் சொல்றேன். குஞ்சைப் பாத்தீங்களா இல்லையா?" "குஞ்சா?" "ரெண்டு. கறுப்பா. இப்பத்தான் அம்மா பின்னாடியே பெரணிக்குள்ள போச்சு." நாச்சிமுத்து வாய்க்காலைப் பார்த்தார். பெரணி ஆடி நின்றது. கல் மட்டும் இருந்தது. "நான் பாக்கலியே," என்றார். "எங்க பாத்துட்டிருந்தீங்க?" "உன்னையத்தான்." துளசிமணி படகை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல், சுற்றி நரைமுடி, காது, மழைக்கோட்டு. அழுகிறாரோ என்னவோ. சிரித்துவிட்டாள். "அப்ப குஞ்சு கணக்குல வராதுங்க. ரெண்டு பேரும் பாத்தாத்தான்." "கோழி வரும்ல?" "கோழி வரும். குஞ்சு வராது."

வளைவுக்கு அப்பாலிருந்து சேவியர் ஹாரனை அடித்தார், மழை வருது ஆன்ட்டி என்கிற அர்த்தத்தில். கோழிக்குக் கேட்டிருக்கும். போய்விடுமா? குஞ்சுகளை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போகாது, இந்தப் பெரணியைச் சுற்றியேதான் நிற்கும், இல்லை, போகாது. நாச்சிமுத்து பையைத் திறந்து பன் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஊரில இன்னொரு டாக்டரப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார். பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார். சுப்பராயனைப் பற்றிச் சொன்ன அதே வாய்தான், அடுத்து என்ன வருமோ என்று அவள் காத்திருந்தாள்.  அவர் அவள் பக்கம் நகர்ந்து, தோளோடு தோள் வந்து நின்றார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார். கழுத்தை முறுக்கி, கண்ணை மட்டும் வலது பக்கம் இழுத்து, போலீசுக்குப் பயந்த திருடன் மாதிரி. "இப்படியா?" என்றார். "கண்ண இழுக்கக்கூடாதுங்க. படகையே பாருங்க. அது தானா வரும்." "ஒண்ணுந் தெரியலியே." "பழகோணும். எனக்கே மாசக்கணக்கா ஆச்சு." "கல்லுக்கு எந்தப் பக்கம்?" "இக்கட்டால. தண்ணி தேங்கி நிக்குது பாருங்க, அதுக்கு மேல." அவர் தலையாட்டினார். தூரத்து மழை கடல் மேல் கிட்டே வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் படகைப் பார்த்தபடி, வாய்க்காலில் கோழி வரக் காத்து நின்றார்கள். "பன்னப் பிரிக்கட்டுமா?" என்றார் நாச்சிமுத்து. பெரணிக்குள்ளிருந்து, மிகக் கிட்டத்தில், க்ரூப் என்றது. "இருங்க," என்றாள் துளசிமணி. "குஞ்சு வரட்டும்."